பணியாளர் ஏழு

ஜெபாவுக்கு என்ன வேலை என்று ஞானம்மாளைக் கேட்டால், "கேள்வி கேக்குற வேல" என்பாள். தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. கேள்வி கேட்பதற்கு எவனாவது சம்பளம் கொடுப்பானா, அதுவும் ஏசி ரூமில் உட்கார வைத்து? ஆனால் ஞானம்மாள் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதற்கு முன், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உண்மையில் என்ன தேவை என்பதை யாராவது போய்த் தோண்டி எடுத்து வரவேண்டும். அந்தத் தோண்டுகிற வேலைதான் ஜெபாவுக்கு. கழுத்தில் தொங்கிய அட்டையில் பிசினஸ் அனலிஸ்ட் என்று போட்டிருந்தது. அந்தப் பதவியில் அவளுக்கு இது சோதனைக் காலம், ஆறு மாதம். தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் பழையபடி டெஸ்டிங் பிரிவில் போய் பொத்தான் அமுக்க வேண்டியதுதான்.

அலுவலகம் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தொழில் நகரத்தில். வாரநாட்களில் அங்கேயே விடுதியில் தங்குவாள். சனிக்கிழமை செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ் பிடித்து, மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் இறங்கினால் அவர்கள் காலனி. அந்தச் சாலையின் இருபுறமும் ஒரு காலத்தில் ஞானம்மாள் நட்ட வயல்கள். இப்போது கல் நட்டு, மனை எண் எழுதி, கொடி கட்டியிருக்கிறார்கள். நிலம் வைத்திருந்தவர்களுக்கு விலை கிடைத்தது. நட்டவர்களுக்கு வேலை போயிற்று. அப்போதே புருஷனையும் இழந்திருந்த ஞானம்மாள், தெருவிலிருந்து எட்டுப் பெண்களோடு கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு பெரிய ஹோட்டலில் அறை துடைக்கப் போனாள். பதினான்கு வருடம். ஜெபாவின் பள்ளிக்கூடம், இன்ஜினியரிங், முதல் சுடிதார், எல்லாம் அந்த அறைகளின் குளியல் தொட்டியிலிருந்துதான் வந்தது.

இந்த விஷயத்தை அலுவலகத்தில் ஜெபா சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதுகூடச் சரியில்லை; வேறு மாதிரி சொன்னாள். சேர்ந்த புதிதில் கேண்டீனில் ஷ்யாம் சாதாரணமாகத்தான் கேட்டான், "அம்மா என்ன பண்றாங்க?" என்று. ஷ்யாம் அவளுடைய குழுத் தலைவன். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவன், அப்பாவும் அம்மாவும் விஞ்ஞானிகள். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் பொய் சொன்னது ஜெபாவுக்கு உறுத்தியிருக்காது. "ஹோட்டல் மேனேஜ்மென்ட் லைன்" என்றாள். "ஓ, நைஸ்" என்று அவன் சாம்பார் சாதத்துக்குத் திரும்பிவிட்டான். அவ்வளவுதான். ஒரு வாய் சோறு மெல்லுகிற நேரத்தில் பெற்றவளை மாற்றி வைத்தாயிற்று.

விதி என்று சொல்வார்களே, அது நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை மின்னஞ்சலில் வந்தது. புது வாடிக்கையாளர். கடற்கரைச் சாலை ஹோட்டல். அறை பராமரிப்புக்கு ஒரு செயலி வேண்டும். எந்த அறை சுத்தமாயிற்று, யார் செய்தார்கள், எப்போது முடிந்தது, எல்லாம் மேலாளரின் போனில் தெரியவேண்டும். அஜைல் முறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தவணையாகச் செய்துகாட்ட வேண்டும். ஹோட்டலின் பெயரை ஜெபா இரண்டு தடவை படித்தாள். அம்மா வேலை செய்கிற அதே ஹோட்டல்.

அன்று மத்தியானமே கூட்டம். தேவைகளை எந்த வழியில் கேட்டு வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். ஷ்யாம் திரையில் ஒரு பட்டியலைப் போட்டான். கேள்வித்தாள், நேர்காணல், குழுப் பட்டறை, மாதிரி செய்து காட்டுவது, உடனிருந்து கவனிப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவாகும் நேரத்துக்கு நட்சத்திரம் போட்டிருந்தான்.

"ரெண்டு வாரம்தான் இருக்கு. கேள்வித்தாள் அனுப்பிடலாம். சீப், ஃபாஸ்ட்," என்றான்.

ஜெபாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண்களை அவளைவிட யார் அறிவார்? "கேள்வித்தாள் வேலைக்கு ஆகாது ஷ்யாம். சூப்பர்வைசர் கையிலதான் குடுப்பாங்க. எல்லாத்துக்கும் நல்லாருக்குன்னு டிக் பண்ணித் திருப்பிக் குடுத்துடுவாங்க. பட்டறை வச்சா மேலாளர் முன்னாடி ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. நேர்காணல்ல, எப்படிச் செய்யணும்னு சொல்லிக் குடுத்தாங்களோ அதைச் சொல்லுவாங்க, எப்படிச் செய்றாங்கங்கிறதைச் சொல்ல மாட்டாங்க. கூடவே இருந்து பாக்கணும். நாலு நாள் குடுங்க. நான் போறேன்."

ஷ்யாம் நாற்காலியில் சாய்ந்து அவளையே பார்த்தான். "இதைத்தான் நான் உன்கிட்ட எதிர்பார்த்தேன்," என்றான். பாராட்டு உச்சந்தலையில் ஏறியது. அத்தனையும் சரியான வாதம். பாடப்புத்தகத்தில் போடலாம்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று பஸ் முழுக்க யோசித்துவிட்டு, கடைசியில் செருப்பைக் கழற்றும்போதே போட்டு உடைத்தாள்.

"நாலு நாள் உங்க ஹோட்டலுக்கு வரேம்மா, ஆபீஸ் வேலையா. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

ஞானம்மாள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், நிஜமாகவே சிரித்தாள்.

"அத்துக்கு இன்னா இப்போ? நீ யாரோ, நா யாரோ. இன்னான்னு கூப்டணும் உன்னிய?"

"மேடம்னு..."

"சரிங்க மேடம். மார்கரெட்டாண்டயும் சொல்லிட்றேன். அவ ஒருத்திதான் வாய் நீளம்."

ஒரு கேள்வி, ஒரு முகச்சுளிப்பு, எதுவும் இல்லை. வலித்திருக்காதா? வலித்திருக்கும். ஆண்டையின் வீட்டு முற்றத்துக்கு வெளியிலேயே நிற்கப் பழகிய ஜென்மம் அது. எங்கே நிற்கவேண்டும் என்று சொன்னால் நிற்கும். சொன்னது பெற்ற மகள் என்பதுதான் புதிது.

செவ்வாய்க்கிழமை காலை ஹோட்டலின் பின்வாசலில் ஞானம்மாள், மார்கரெட் உட்பட ஒன்பது பெண்களும் சீருடையில் வரிசையாக நின்றார்கள். மேலாளர் நரசிம்மன் ஜெபாவை அறிமுகப்படுத்தினார். அவர் போனவுடன் மார்கரெட் முந்தானை இல்லாத சீருடையில் முந்தானையை இழுத்துச் செருகுகிற மாதிரி அபிநயம் பிடித்து, "வாங்க மேடம், வணக்கம் மேடம், டிபன் ஆச்சா மேடம்?" என்றாள். எல்லோரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஞானம்மாள்தான் அதட்டினாள்.

"இன்னாடி விளையாட்டு? அது வேல பாக்க வந்துகீது. வேலையக் காட்டுங்கடி."

காட்டினார்கள். எதையும் மறைக்கவில்லை. பதிவேட்டின்படி ஒருத்திக்குப் பன்னிரண்டு அறை. அவளே கூட்டி, துடைத்து, தொட்டி தேய்த்து, படுக்கை விரித்து, கதவுக்குப் பின்னால் இருக்கும் தாளில் கையெழுத்துப் போடவேண்டும். நடந்தது வேறு. நடவு வயலில் தன் பங்கை முடித்தவள் கரையேற மாட்டாள். பின்தங்கி நிற்கிறவளின் பங்கில் எதிர்ப்பக்கம் இறங்கி அவளை நோக்கி நட்டுக்கொண்டே வருவாள். இருவரும் நடுவில் சந்தித்தால்தான் இருவருமே கரையேறுவது. மாசமாக இருக்கிறவள், காய்ச்சலில் வந்தவள், யாரும் வயலில் தனியாக நின்றதில்லை. வயல் போனாலும் அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து ஹோட்டலில் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

ஞானம்மாளுக்கு முட்டி தேய்ந்து இரண்டு வருடம் ஆகிறது. குனிய முடியாது, படியேற முடியாது. ஆகவே அவள் தரைத்தளத்துத் துணி அறையில் உட்கார்ந்து எட்டுப் பேருடைய வண்டிகளுக்கும் துண்டு, விரிப்பு, சோப்பு, எல்லாம் மடித்து, எண்ணி, அடுக்கித் தருவாள். மற்ற எட்டுப் பேரும் அவளுடைய பன்னிரண்டு அறைகளைப் பங்கிட்டுச் செய்வார்கள். தாளில் அவள் பெயரை எழுதிவிடுவார்கள். துணிக்காக யாரும் கீழே இறங்கி ஏற வேண்டியதில்லை என்பதால், மொத்த வேலையும் முக்கால் மணி முன்னதாகவே முடிந்தது. ஜெபா கடிகாரம் வைத்துப் பார்த்தாள். பிரமித்துப் போனாள். எந்த மேலாளரும் இவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர்களில் ஒருத்தி தயங்கினாள். "இத்தெல்லாம் எய்துவியா ஜெபா?"

மார்கரெட் அவள் தொடையில் தட்டினாள். "லூசு. நம்ம பொண்ணுடி. எத எய்தணும், எத உடணும்னு அத்துக்குத் தெரியாதா?"

இந்த ஒரு தப்பைத்தான் அவர்கள் செய்தார்கள். தங்கள் தெருவில் வளர்ந்த பெண் தங்கள் பக்கம் நிற்பாள் என்று நினைத்தார்கள். நினைப்பார்கள்தானே. வேறு யாராவது வந்து உட்கார்ந்திருந்தால், நாலு நாளும் பதிவேட்டில் உள்ளபடி ஒவ்வொருத்தியும் தன் அறையைத் தானே தேய்த்து அனுப்பியிருப்பார்கள்.

ஜெபாவுக்குத் தெரியாமலும் இல்லை. பெயர்களை எழுதவில்லை, பணியாளர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்தாள். அதுவே பெரிய பாதுகாப்பு என்று நம்பினாள். கடைசி நாள் சாயங்காலம் அட்டவணையை நிரப்பும்போது ஏழாவது வரிசைக்கு வந்தாள், அம்மாவின் வரிசைக்கு. உள்ளே போன அறைகளின் எண்ணிக்கை. பதிவேட்டில் பன்னிரண்டு. கண்ணால் பார்த்தது பூஜ்யம். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: தீர்ப்புச் சொல்லாதே, பார்த்ததை எழுது. பன்னிரண்டு என்று போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பூஜ்யம் இல்லாமல் அவளுடைய கண்டுபிடிப்புக்கு அழகு இல்லை. ஒருத்தி ஒரு அறைக்குள்ளும் போகாமலே எல்லோருடைய வேலையும் வேகமாக முடிகிறது என்பதுதானே விஷயமே. ஷ்யாமின் முகம் எப்படி மலரும் என்று அவளுக்குத் தெரியும். பூஜ்யம் என்று எழுதினாள். அடுத்த வரிசைக்குப் போனாள்.

அடுத்த வாரம் ஹோட்டலின் கூட்ட அறையில் எல்லாவற்றையும் நரசிம்மனுக்கு விளக்கினாள். சுவரில் வண்ணத் தாள்கள் ஒட்டியிருந்தாள். ஒரு அறைக்கு ஒரு ஆள் என்று செயலியில் வைக்க வேண்டாம், ஒரு தளத்துக்கு ஒரு குழு என்று வைப்போம், துணி அறையையும் ஒரு வேலையாகக் கணக்கில் எடுப்போம் என்பது அவள் கொண்டுவந்த தேவை. அம்மா உட்கார்ந்த இடத்துக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று மனதார நினைத்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நரசிம்மன் மரியாதையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. பதினோரு வருஷமா நான் இங்க இருக்கேன், இது எனக்கே தெரியாது. அந்த ஏழாம் நம்பர் யாரும்மா?"

"பேர் எடுக்கல சார். எங்க முறை அது."

"கரெக்ட், கரெக்ட். வேண்டாம். ஆளுக்கொரு அட்டை, கதவுக்குக் கதவு தேய்க்கிற மாதிரி முதல்ல செஞ்சு குடுங்க. தானா தெரிஞ்சிடும்."

ஜெபா ஷ்யாமைப் பார்த்தாள். ஷ்யாம் தோளைக் குலுக்கினான். எது முதலில் வேண்டும் என்பது வாடிக்கையாளர் எடுக்கிற முடிவு. அஜைலின் அரிச்சுவடியே அதுதான். குழு என்ற தேவை பட்டியலின் அடிக்குப் போயிற்று. அட்டை மேலே வந்தது. அந்த அட்டை எப்படி வேலை செய்யவேண்டும், எந்தக் கதவில் எந்த நொடியில் யார் என்று எப்படிப் பதியவேண்டும் என்று விவரமாக எழுதிக் கொடுத்ததும் ஜெபாதான். வேறு யாருக்கு அந்த இடம் அத்தனை நன்றாகத் தெரியும்?

இரண்டு வாரத்தில் மாதிரி தயாரானது. ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பதாக முடிவாயிற்று. அந்தச் சனிக்கிழமை சாப்பிடும்போது அம்மாவிடம், "லீவு போட்டுடும்மா" என்றாள்.

"ஒரு வாரம் லீவு குட்ப்பானா அவன்? மார்கரெட் சொல்லிக்கீறா, என் அட்டைய அவங்களே ஆளுக்குக் கொஞ்ச நேரம் எட்த்துனு போறாங்களாம். கதவாண்ட காட்னா போதுமாமே?"

நொடிக்கணக்கு பதியும் என்று ஜெபாவுக்குத் தெரியும். எழுதியவளே அவள். "வேணாம்மா" என்றாள். அது வாயிலிருந்து வெளியே வந்ததா, தட்டிலேயே விழுந்ததா என்று அவளுக்கே சந்தேகம். "சரி, ஒரு வாரந்தானே. அடுத்த தவணையில குழுன்னு மாத்திடுவேன். நான் பாத்துக்கறேன்," என்றாள். பார்த்துக்கொள்வதாகச் சொல்வதில் ஒரு சௌகரியம், அன்றைக்கு எதுவும் செய்யவேண்டியதில்லை.

புதன்கிழமையே ஷ்யாம் அவளைத் திரைக்குக் கூப்பிட்டான். ஞானம்மாளுக்குக் கொடுத்திருந்த ஏழாம் அட்டை பதிந்த ஒவ்வொரு கதவிலும், நாலு நொடி முன்னாலோ பின்னாலோ வேறொரு அட்டை. காலையில் மூன்றாவது, பிறகு ஐந்தாவது, மத்தியானம் ஒன்றாவது. எட்டுப் பேரும் மாறி மாறி. "வாவ்," என்றான் ஷ்யாம். "நீ பார்த்தது அப்படியே டேட்டாவில் வருது பார்."

நரசிம்மனுக்கு இது வேறு மாதிரி தெரிந்தது. நேற்று வரை ஒத்தாசையாக இருந்தது, ஒரு அட்டை நடுவில் வந்ததும் மோசடி ஆகிவிட்டது. எட்டுப் பேரையும் அனுப்ப அவரால் முடியாது. சீசன் நேரம், அறைகளை யார் துடைப்பது? ஒருத்தி போனால் போதும், மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். அந்த ஒருத்தி தூண்டிவிட்டவளாக இருக்கவேண்டும், அதற்கு ஒரு வாக்குமூலம் வேண்டும். எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்டுவிடலாமா என்று ஜெபாவிடம் போனில் கேட்டார்.

கூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று ஜெபாவுக்குப் படமாகத் தெரிந்தது. மார்கரெட் வாயைத் திறப்பாள். 'உம் பொண்ணே ஒக்காந்து கேக்குது பாரு' என்று ஒரே வார்த்தை. மேலாளர், ஷ்யாம், எல்லோர் முன்னாலும்.

"குழுவா வேண்டாம் சார்," என்றாள். "தனித்தனியா நேர்காணல்தான் சரி. அப்பதான் உண்மை வரும்."

இரண்டாவது தடவையும் அவளேதான் தேர்ந்தெடுத்தாள்.

வியாழக்கிழமை. அதே கூட்ட அறை. நரசிம்மன் ஒரு ஓரத்தில், ஷ்யாம் பக்கத்தில், நடுவில் ஜெபா, முன்னால் மடிக்கணினி. ஞானம்மாள் கதவருகில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஏசி குளிருக்கு முட்டி விறைத்திருக்க வேண்டும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். மகளைப் பார்த்தாள். யாரோ ஒருத்தியைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். அப்படி ஒரு நடிப்பு.

"வணக்கம் மேடம்."

நேர்காணலுக்கு விதிகள் உண்டு. ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேட்கக்கூடாது. "உங்க அட்டை எப்படி எல்லா அறைக்கும் போச்சுன்னு சொல்லுங்க" என்று ஜெபா கேட்டாள். அம்மாவை 'நீங்க' என்று அவள் அழைப்பது அதுதான் முதல் தடவை. அவ்வளவுதான் கேட்க முடிந்தது. அடுத்த கேள்வி திரையில் இருந்தது, வாசிக்க வாய் வரவில்லை. உட்கார்ந்தே இருந்தாள். பத்து நொடி, இருபது நொடி.

ஞானம்மாள் மகள் தடுமாறுவதைப் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை. அவளைக் காப்பாற்றவேண்டும் என்று வேகவேகமாகத் தானே பேச ஆரம்பித்தாள்.

"நாந்தான் மேடம். அவுங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் கெஞ்சிக் கேட்டேன், என் அட்டைய எட்த்துனு போங்கன்னு. ரெண்டு வருசமாவே ரூம் வேல நா செய்ல. முட்டி முடில. அவுங்க மேல தப்பு இல்ல, எல்லாம் நா கேட்டதுதான். எய்திக்கங்க மேடம்."

ஜெபா எழுதிக்கொண்டாள். விரல்கள் தாமாகவே போயின.

நரசிம்மனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இளகிவிட்டார். கிடைத்த பிறகு இளகுவதில் அவருக்குச் செலவு ஒன்றும் இல்லை. "வீட்ல யாரும்மா இருக்கா? புள்ளைங்க சம்பாதிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

ஜெபா தலையைத் தூக்கினாள். இப்போது ஒரு வார்த்தை போதும். 'நான் இருக்கேன் சார், நான் இவங்க பொண்ணு.' நாக்கு நுனியில் இருந்தது. ஷ்யாமின் முழங்கை அவள் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஞானம்மாள் முந்திக்கொண்டாள்.

"யாரும் இல்ல சார்."

"ஒருத்தரும் இல்லையா?"

"இல்ல சார். நா ஒண்டிதான்."

"பாவம்," என்றார் நரசிம்மன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. நாளைக்கு யாரும் ஆள் கூட்டி வந்து வாசலில் நிற்கப்போவதில்லை. "மேடம், அதையும் பதிஞ்சுடுங்க."

படிவத்தில் குடும்பம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஜெபா அதில் 'யாரும் இல்லை' என்று அடித்தாள். அச்செடுத்து வந்த தாளில் ஞானம்மாள் பெயரைக் கூட்டிக் கூட்டி எழுதினாள். கையெழுத்துப் போட அவளுக்குக் கற்றுக் கொடுத்ததே, ஐந்தாவது படித்தபோது, ஜெபாதான். எழுந்து, மேசையைப் பிடித்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள். பதினான்கு வருடத்து வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது.

காரில் திரும்பும்போது ஷ்யாம் சொன்னான், "அந்த மௌனம் இருக்கே, ஜெபா, பிரமாதம். நானா இருந்தா அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். நீ காத்திருந்த. அவங்களே கொட்டிட்டாங்க." ஜெபா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருப்போரூர் தாண்டும் வரை திரும்பவே இல்லை. அவளுக்குத் தூக்கம் வருகிறது என்று அவன் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தான்.

வெள்ளிக்கிழமை பணி நிரந்தரக் கடிதம் வந்தது. அன்று மத்தியானம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்பும் எடுத்தாள். தலைப்பு, சரியான உத்தியைத் தேர்ந்தெடுப்பது எப்படி. ஷ்யாமே தயாரித்த ஒரு திரையில் மேற்கோளாகப் போட்டிருந்தது: "ரெண்டு வருசமாவே ரூம் வேல நா செய்ல. பணியாளர் 7." பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். ஒருத்தி கை தூக்கி, உங்களிடம் மட்டும் எப்படி மேடம் அவர்கள் மனம் திறந்து பேசினார்கள் என்று கேட்டாள். நம்பிக்கை வரவைக்க வேண்டும் என்று ஜெபா பதில் சொன்னாள்.

சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலனி முனையில் மார்கரெட் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெபா நின்றாள். மார்கரெட் திட்டுவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். மார்கரெட் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "நவுருங்க மேடம், வயில நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் ஞானம்மாள் மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். கடிதம் வந்த விஷயத்தை ஜெபா முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாள். தட்டு வைத்து, நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டாள். ஜெபாவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா ஒரு அறை விடமாட்டாளா என்று இருந்தது. ஒரு கெட்ட வார்த்தை, ஒரு சாபம், ஏதாவது ஒன்று.

ஞானம்மாள் எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள். ஏதோ கேட்கவேண்டும் என்று காத்திருந்தவள் போல மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெபா, அன்னிக்கு நா ஒயுங்காப் பேசினேனா?"

"என்னம்மா?"

"இல்ல, அந்தாளு வூட்ல யாருகீறான்னு கேட்டப்போ உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆய்டுச்சி. எங்க கண்டுபுட்ச்சிடுவாங்களோன்னு எனக்கு ஒதறிப்போச்சு. நா சொன்னத நம்பிட்டாங்களா? உனக்கு ஒண்ணும் ஆவலையே?"

ஜெபா சோற்றைப் பிசைந்தாள்.

"நம்பிட்டாங்கம்மா," என்றாள். "கரெக்டா சொன்ன."

"அப்பாடா," என்றாள் ஞானம்மாள். இன்னொரு துண்டு மீனை எடுத்து மகள் தட்டில் வைத்தாள்.